பசியும் முதுமையும்

முதுமை நரையிலே தொடங்குகின்றது என்பர். ஆயின் நரை தோன்றுதற்குப் பல்லாண்டுகள் முன்னரே மார்பெலும்பின் பின்னாலுள்ள ஓர் உறுப்பு சுருங்கத் தொடங்கிவிடுகின்றது. தைமசுச் சுரப்பி எனப்படும் அது, என்பு மச்சையிலிருந்து வரும் இளங்கலங்களை நோயெதிர்க்கும் 'ரி' கலங்களாகப் பயிற்றும் பள்ளி போன்றது. பூப்புப் பருவத்தின் பின் அதன் இழையத்தின் இடத்தைக் கொழுப்பு மெல்ல மெல்லக் கவர்ந்து கொள்கின்றது. புதிய கலங்களின் வரவு குறைய, முன்னர் அறியாத கிருமியை எதிர்க்கும் ஆற்றலும் குறைகின்றது. முதியோரை நியூமோனியா எளிதில் வீழ்த்துவதற்கு இஃதுமொரு காரணமாகும்.

இத்தேய்வைப் பசி தடுக்குமா? உணவு குறைக்கப்பட்ட எலிகள் நெடுநாள் வாழ்வதை 1935இல் கோர்னெல் பல்கலைக்கழகத்துக் கிளைவ் மக்கே காட்டினார். 2014இல் வால்ற்றர் லொங்கோ குழுவினர் சுண்டெலிகளை விட்டுவிட்டுப் பட்டினியிட்டனர். பட்டினியின்போது வெண்குருதிக் கலங்கள் குறைந்தன. மீண்டும் உணவு கிடைத்தபோதே அவை புதிதாகப் பெருகின. விரதம் பாறணையோடுதான் நிறைவுறும் என்று அறிந்தோர்க்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும்.

மனிதரிடத்தும் சான்று உண்டு. ஈராண்டுக் காலம் உணவின் கலோரியை ஏறத்தாழ 14 சதவீதம் குறைத்தோரின் தைமசுச் சுரப்பியிற் கொழுப்புக் குறைந்து, செயற்படும் இழையம் பெருகியமையை யேல் பல்கலைக்கழக ஆய்வாளர் 2022இல் வெளியிட்டனர். ஆனால் அவர்கள் பட்டினி கிடந்தோர் அல்லர். நாள்தோறும் அளவோடு உண்டோர். ஆய்வுக்குத் தெரியப்பட்டபோது அவருள் 50 வயதைத் தாண்டியவர் எவருமிலர்.

இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். உணவு குறைக்கப்பட்ட முதிய சுண்டெலிகள் இன்புளுவென்சாத் தொற்றினால் மிகுதியாக இறந்தமையை 2005ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. 960 சுண்டெலிகளைக் கொண்டு நடத்தப்பெற்று 2024இல் வெளிவந்த ஆய்விலோ, குறைந்த உணவிலும் உடல் எடையைக் காத்துக்கொண்டவையே நீடு வாழ்ந்தன. சேமிப்பில்லாத உடல் நோயோடு நெடிது போராட இயலாது என்பதே இவற்றின் பொருள். முதுமையில் தசை தானாகவே தேய்கின்றது. பட்டினி அதனை விரைவுபடுத்தும். நீரிழிவுக்குச் சில குளிசைகளை உட்கொள்வோர் வேளையுணவைத் தவிர்ப்பின் குருதியிற் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழவுங்கூடும்.

நிறைய உண்ணக்கூடிய நடுவயதினர் சற்றே குறைத்துண்பது வேறு. பல்லிழந்தும் தனிமையுற்றும் வறுமையுற்றும் ஒரு வேளை மட்டும் உண்ணும் முதியவரின் பசி வேறு. முன்னையது தெரிவு, பின்னையது குறை. அக்குறையைப் பட்டினியின் பயன் கூறி மறைத்தல் அறிவியலுமன்று, அறமுமன்று.