மாப்பிள்ளையின் மஸ்டாங்குக்கு எந்தப் பல்?

ப்ரெஞ்சில் 'கூப்ல்' என்று ஒரு சொல் உண்டு. கணவன் மனைவிக்கும் அதுதான் பெயர். எஞ்சினின் முறுக்கு விசைக்கும் அதுதான். காரின் பின் அச்சுக்குள் பல்லோடு பல் கோத்து நிற்கும் கிரவுனும் பினியனும்கூட 'கூப்ல்'தான். புதுச்சேரியில் ப்ரெஞ்சு வழியில் படித்து, அரசு அலுவலகத்தில் எழுத்தராக ஓய்வு பெற்ற நான், கலிஃபோர்னியாவில் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்தபோது இந்த மூன்று அர்த்தமும் ஒரே வீட்டில் வந்து சேர்ந்தன.

மாப்பிள்ளை 1968-ஆம் வருடத்து ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி. 390 ஒன்று வைத்திருக்கிறார். 'புல்லிட்' என்ற ஆங்கிலப் படத்தில் ஸ்டீவ் மெக்வீன் சான் ஃப்ரான்சிஸ்கோவின் மேட்டுத் தெருக்களில் பறக்க விட்டாரே, அதே வகை. 390 என்பது எஞ்சினின் கன அங்குலக் கணக்கு, சுமார் 6.4 லிட்டர். நம் அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சின் நான்கைச் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது. இப்படிப் பெரிய எஞ்சினை நடுத்தரமான காரில் பூட்டி விற்றதைத்தான் 'மஸில் கார்' என்கிறார்கள். 1964-இல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ.வை அதன் தொடக்கமாகச் சொல்வார்கள். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்ததும் அந்தக் காலம் முடிந்தது.

மற்றவர்கள் இப்படிப்பட்ட காரைத் துணி போர்த்தி வைத்திருக்க, மாப்பிள்ளை தினமும் அதில்தான் வேலைக்குப் போகிறார். ரிவர்சைடிலிருந்து அர்வைனுக்கு, ஒரு வழிக்கு சுமார் 40 மைல். மகளுக்கும் அதே பக்கம்தான் வேலை. ஆரம்பத்தில் இருவரும் ஒன்றாகத்தான் போய்வந்தார்கள். நான் போனபோது அவள் தனிக் காரில் போய்க்கொண்டிருந்தாள்.

"அதுல உக்காந்தா ரைஸ் மில்லுக்குள்ள உக்காந்த மாதிரி இருக்குப்பா. அவர் பேசறது எனக்குக் கேக்கல, நான் பேசறது அவருக்குக் கேக்கல. வித்துடச் சொல்லுங்க" என்றாள்.

சத்தத்துக்குக் காரணம் எஞ்சின் அல்ல, பின் அச்சு. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

எஞ்சினின் சுழற்சி கியர் பாக்ஸ் வழியாக நீண்ட ஷாஃப்டில் பின்னுக்கு வருகிறது. ஷாஃப்டின் முனையில் சின்னப் பல்சக்கரம், அதுதான் பினியன். அது சுற்றிவிடும் பெரிய சக்கரம் கிரவுன். பினியனுக்கு 9 பல், கிரவுனுக்கு 37 பல் என்றால், சக்கரம் ஒரு முறை சுற்ற ஷாஃப்ட் 4.11 முறை சுற்ற வேண்டும். அந்த 4.11தான் பின் அச்சு விகிதம். எண் பெரிதானால் இழுவை அதிகம், ஆனால் அதே வேகத்துக்கு எஞ்சின் அதிகம் சுற்ற வேண்டும். எண் சிறிதானால் எஞ்சின் நிதானமாக ஓடும், புறப்படும்போது உந்தல் குறையும். சைக்கிளில் பின்னால் சின்ன ஃப்ரீவீல் போட்டவனும் பெரிய ஃப்ரீவீல் போட்டவனும் மேட்டில் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

டாப் கியரில் கியர் பாக்ஸ் எதையும் மாற்றாமல் சுழற்சியை அப்படியே பின்னுக்கு அனுப்பும் ஏற்பாடு லூயி ரெனோவுடையது. ப்ரெஞ்சில் அதற்கு 'ப்ரீஸ் திரெக்த்' என்று பெயர். 1898 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் பாரிஸில் மோன்மார்த்ரின் செங்குத்தான லெப்பிக் தெருவில் தன் சின்ன வண்டியை ஏற்றிக் காட்டினார். மஸ்டாங்கின் நாலு கியர் பெட்டியும் அதே முறைதான். நான்காவது கியர் ஒன்றுக்கு ஒன்று. இன்றைய கார்களில் இருக்கும் ஓவர்டிரைவ் இதில் கிடையாது. ஆகவே நெடுஞ்சாலையில் எஞ்சின் எவ்வளவு சுற்ற வேண்டும் என்பதைப் பின் அச்சு ஒன்றுதான் முடிவு செய்கிறது.

முன்பு காரை வைத்திருந்தவர் கால் மைல் பந்தயக்காரர். அதற்காக 4.11 பூட்டியிருந்தார். ஃபோர்டு கம்பெனியே 1969, 70-இல் 'டிராக் பேக்' என்ற பெயரில் 3.91 அல்லது 4.30 கொடுத்து விற்றிருக்கிறது. பந்தயத் திடலில் பச்சை விளக்கு எரிந்ததும் பாய வேண்டும், பத்துப் பதினைந்து நொடியில் வேலை முடிந்துவிடும். அங்கே அதுதான் சரி. நம் மாப்பிள்ளைக்கோ திங்கள் முதல் வெள்ளி வரை 80 மைல்.

கணக்கு எளிது. வேகத்தை (மணிக்கு மைல்) விகிதத்தால் பெருக்கி, 336-ஆல் பெருக்கி, டயரின் விட்டத்தால் (அங்குலம்) வகுத்தால் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று கிடைக்கும். டயர் 26 அங்குலம், வேகம் 65 மைல் என்று வைத்து நோட்டில் இப்படி எழுதினேன்:

4.11 என்றால் 3452 சுற்று
3.50 என்றால் 2940
3.25 என்றால் 2730
3.00 என்றால் 2520

"அப்போ 3.00 போட்டா முடிஞ்சுதே மாமா" என்றார் மாப்பிள்ளை.

"அவசரப்படாதீங்க மாப்ளே. கோப்பை முழுசாப் பார்த்துட்டுக் கையெழுத்து போடுவோம்" என்றேன்.

பதினைந்து நாள் அவரோடு நானும் போனேன். அர்வைனில் ஒரு நூலகத்தில் பகலைக் கழித்துவிட்டு மாலையில் கூடவே திரும்புவேன். மடியில் நோட்டு, கையில் பேனா. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வேகம், சுற்று, எந்த கியர் என்று குறித்தேன். 91-ஆம் எண் நெடுஞ்சாலையில் காலையும் மாலையும் வண்டிகள் எறும்பு வரிசைதான்.

எழுதிப் பார்த்ததில் ஒரு விஷயம் தெரிந்தது. தூரத்தில் பெரும்பகுதி டாப் கியரில் ஓடுகிறது. நேரத்தில் ஏறக்குறைய பாதி முதல் கியரில் ஊர்வதில் போகிறது. தூரத்தை மட்டும் பார்த்தால் சிறிய எண் வேண்டும், நேரத்தை மட்டும் பார்த்தால் பெரிய எண் வேண்டும்.

அந்தக் கியர் பெட்டியில் முதல் கியர் 2.78. எஞ்சின் 800 சுற்றில் சும்மா ஓடும்போது, முதல் கியரில் 4.11 காரை மணிக்கு சுமார் 8.7 கிலோமீட்டரில் நகர்த்தும். 3.00 என்றால் 11.9. முன்னால் இருப்பவன் அதைவிட மெதுவாகப் போனால் கிளட்சை அரையில் பிடித்துக்கொண்டே ஊர வேண்டும். இடது காலுக்கும் கேடு, கிளட்ச் தட்டுக்கும் கேடு. ஆக 4.11-உம் வேண்டாம், 3.00-உம் வேண்டாம். நடுவில் 3.25, 3.50 இரண்டும் நின்றன.

காரைப் பார்க்கும் மெக்கானிக் வயதானவர், அதிகம் பேசாதவர். நோட்டை வாங்கி நிதானமாகப் பார்த்தார். சின்ன எஞ்சினாக இருந்தால் 3.50 சொல்லியிருப்பேன், 390-க்குக் குறைந்த சுற்றிலேயே முறுக்கு விசை தாராளம், 3.25-ஐ அது சுலபமாக இழுக்கும் என்றார். ஐந்து கியர் பெட்டி மாற்றினால் ஓவர்டிரைவ் கிடைக்கும், 4.11-ஐயும் வைத்துக்கொள்ளலாம் என்றும் ஒரு வழி சொன்னார். ஆனால் செலவு பல மடங்கு.

மாப்பிள்ளை ஒரு வாரம் பதில் சொல்லவில்லை. சிக்னலில் பச்சை விழுந்ததும் முதுகு இருக்கையோடு ஒட்டுமே, அந்தச் சுகத்துக்காகத்தான் அவர் அந்தக் காரையே வாங்கினார். அதை விட்டுக்கொடு என்று கணக்கு சொல்வது சுலபம், விட்டுக்கொடுப்பவருக்குத்தான் தெரியும். நான் வற்புறுத்தவில்லை. எட்டாம் நாள் சாப்பிடும்போது, "மூணே கால் போட்டுடலாம் மாமா" என்றார். மகள் நிமிர்ந்து பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை, இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினாள்.

ஃபோர்டின் ஒன்பது அங்குல அச்சில் ஒரு வசதி. கிரவுனும் பினியனும் சேர்ந்த பகுதியை முன்பக்கமாக முழுசாகக் கழற்றி வேறொன்று பூட்டிவிடலாம். பற்களுக்கிடையே விடும் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு அளவு. பல்லில் மஞ்சள் பசை தடவிச் சுற்றிப் பார்த்து, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று மெக்கானிக் சரிபார்த்தார். ஸ்பீடோமீட்டருக்கான சின்னப் பல்சக்கரத்தையும் மாற்றினார். மாற்றாவிட்டால் உண்மையில் 65-இல் போகும்போது முள் 51 என்றுதான் காட்டும், போலீஸ்காரர் சொல்லித்தான் தெரியும். முதல் சில நாள் சிறு ஓட்டம் ஓட்டி ஆறவிட்டார்கள். 500 மைல் ஆனதும் அச்சு எண்ணெயை மாற்றினார்கள்.

சத்தம் அடியோடு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். 1968-ஆம் வருடத்துக் கார் அது. ஆனால் டாப் கியரில் பக்கத்தில் இருப்பவர் பேசினால் கேட்கிறது. இரண்டாவது வாரம் மகள் தன் காரை வீட்டில் விட்டுவிட்டு மஸ்டாங்கில் ஏறினாள்.

மாப்பிள்ளைக்கும் முழு நஷ்டம் இல்லை. மூன்றாவது கியர் 1.36. அதை 3.25-ஆல் பெருக்கினால் 4.42 வருகிறது. பழைய டாப் கியரின் 4.11-ஐவிட இது அதிக இழுவை. நெடுஞ்சாலையில் நுழையும் ஏற்றத்தில் மூன்றிலேயே வைத்து மிதித்தால் பழைய உந்தல் அங்கே இருக்கிறது. இதை நோட்டில் எழுதிக் காட்டியபோது அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

பழைய 4.11 தொகுதியை அவர் விற்கவில்லை. எண்ணெய் தடவி, துணி சுற்றி, கராஜில் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறார். இருக்கட்டும் என்று மகளும் விட்டுவிட்டாள்.