கட்டிலுக்குக் கீழே ஓர் இடம்

நாயைக் கட்டிலில் ஏறவிடாமல் பழக்குவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. வீட்டில் இருக்கிறவர்கள் எல்லோரும் ஒரே பேச்சில் நின்றால் கொஞ்ச நாளில் முடிந்துபோகும். அப்படி நிற்பதுதான் எந்த வீட்டிலும் நடக்காத காரியம்.

சூலூரில் எங்கள் வீட்டு மணி, ராஜபாளையமும் இல்லை, சிப்பிப்பாறையும் இல்லை. திருச்சி ரோட்டோரம் கிடந்த நாட்டு நாய்க்குட்டி. பகலில் மெத்தையில் ஏறினால் என் மனைவி சீமாறைக் காட்டுவாள், குதித்துவிடும். சனிக்கிழமை ஹாஸ்டலிலிருந்து வருகிற மகன், "பாவம்ப்பா, குளுருது அதுக்கு" என்று தூக்கிப் பக்கத்தில் போட்டுக்கொள்வான். வாரமெல்லாம் விரட்டு, ஒரு ராத்திரி மட்டும் மெத்தை. இதிலிருந்து நாய் என்ன தெரிந்துகொள்ளும்? கட்டில் கூடாது என்றா? விடாமல் ஏறிக்கொண்டே இருந்தால் ஒருநாள் கிடைக்கும் என்றுதான்.

அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்து இதைத்தான் காட்டினார். 1957இல் சார்லஸ் ஃபெர்ஸ்டரோடு சேர்ந்து இதற்கென்றே தலையணை அளவுக்கு ஒரு புத்தகம் போட்டார். ஒவ்வொரு தடவையும் தீனி கிடைத்து வந்த பழக்கம், தீனி நின்றால் சீக்கிரம் விட்டுப்போகும். எப்போதாவது ஒரு தடவை கிடைத்து வந்த பழக்கம் லேசில் விடாது. லாட்டரிச் சீட்டு வாங்கிப் பழகிய கை நிற்காததும் இதே கணக்குத்தான். தமிழ்நாட்டில் 2003இல் அரசே தடை போட வேண்டி வந்தது. எங்கள் வீட்டில் தடை போட்டது மனைவி. சனிக்கிழமை பரிசுச்சீட்டு விற்றது மகன்.

கட்டில் ஏன் கூடாது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. உண்ணி. நாயின் ரத்தத்தைக் குடித்து உப்பிய பெண் உண்ணி தானாகக் கழன்று விழும். சுவர் விரிசலிலோ கட்டில் சட்டத்தின் இடுக்கிலோ போய் ஆயிரக்கணக்கில் முட்டை போடும். நாய்க்கு மருந்து வைத்துவிடலாம். கட்டில் இடுக்குக்கு என்ன வைப்பது? மற்றபடி சுத்தம், ஆசாரம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒட்டுதல் கிடையாது. அதைவிட மோசம், நாய் கட்டிலில் ஏறுவது நம்மை அடக்கி எஜமான் ஆவதற்கு என்று சொல்கிற பயிற்சிக்காரர்கள். 1947இல் ருடால்ஃப் ஷெங்கெல் என்பவர் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதில் தொடங்கிய பேச்சு அது. பிறகு அதைப் பரப்பிய டேவிட் மெக் என்ற ஓநாய் ஆய்வாளரே, காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது தாய் தகப்பனும் குட்டிகளுமாக ஒரு குடும்பம், அதிகாரச் சண்டை இல்லை என்று 1999இல் மாற்றி எழுதினார். மணிக்கு எஜமான் ஆகிற ஆசையெல்லாம் இல்லை. மெத்தை மெத்தென்று இருக்கிறது, எங்கள் வாசம் அடிக்கிறது, அவ்வளவுதான். சித்திரை வெயிலில் அதே மெத்தையைத் திரும்பிக்கூடப் பார்க்காது, சிமெண்டுத் தரையில் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொள்ளும்.

என் அம்மாவைப் பெற்ற அமுச்சியின் தோட்டத்துச் சாளையில் இந்த வழக்கே எழுந்ததில்லை. அங்கே கட்டில் என்றால் வாசலில் போட்ட கயித்துக் கட்டில். பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்க அப்புச்சி அதில் படுத்திருப்பார். நாய் அதற்கு அடியில், அவர் கையெட்டும் தூரத்தில் கிடக்கும். பகலில் அங்கே நிழல், ராத்திரியில் காவல். மேலே ஏற வேண்டிய தேவையே அதற்கு வந்ததில்லை. "நாய் நாயாட்ட இருக்கோணும் கண்ணு" என்று அமுச்சி சொல்வாள். ஆனால் அது இருக்க ஓர் இடமும் வேலையும் அந்த வாசலில் இருந்தன. வேலை பார்த்த நாய்க்கும் நடுகல்லில் இடம் கொடுத்த நாடு இது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல்லில் வீரனுக்குப் பக்கத்திலேயே ஒரு நாயும் நிற்கிறது. கோவிவன் என்ற அதன் பெயரையும், அது கள்ளர்களைக் கடித்ததையும் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். நாம் வாசலைச் சுருக்கிக் கட்டிலை அறைக்குள் கொண்டுபோய்க் கதவையும் சாத்திக்கொண்டோம். நாய் மட்டும் வெளியே எங்கே படுப்பது என்று தெரியாமல் நின்றது.

ஆகவே "எறங்கு" என்று கத்துவதால் பாதி வேலைதான் ஆகும். எங்கே போக வேண்டும் என்று அதில் இல்லையே. கட்டிலை ஒட்டித் தரையில் ஒரு கோணிச்சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் நான் உடுத்திய பழைய வேட்டியைத் துவைக்காமல் விரித்தேன். வேகவைத்த கோழி ஈரலைச் சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கிள்ளி வைத்துக்கொண்டு, "உன்ற எடத்துக்குப் போ" என்று சாக்கைக் காட்டினேன். நாலு காலும் சாக்கில் பட்டால் ஈரல். பிறகு உட்கார்ந்தால்தான், அதன்பின் படுத்தால்தான், கடைசியில் நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்து வரும்வரை படுத்திருந்தால்தான். மெத்தையில் ஏறிவிட்டால் திட்டு கிடையாது; திட்டும் அதற்கு ஒரு கொஞ்சல் மாதிரித்தான். தரையிலிருந்து கூப்பிட்டு இறக்கி, சாக்கில் வைத்து ஈரல். மெத்தைமேல் எதுவும் கிடைக்காது என்பது ஈரல் தீர்வதற்குள் புரிந்துவிட்டது.

ஆள் இல்லாதபோது மட்டும் சட்டம் செல்லாது. வண்டிச் சத்தம் கேட்டதும் சாக்குக்குப் போய்க் கண்ணை மூடிக்கொள்ளும். மெத்தையைத் தொட்டால் நடுவில் வட்டமாக ஓர் இடம் சூடாக இருக்கும், போர்வையில் செம்பட்டை முடி. இதற்குப் பாடம் எடுத்துப் பயனில்லை. வெளியே போனால் அறைக் கதவைச் சாத்த வேண்டும்.

சூலூரில் இன்னொரு சிக்கல் வானத்திலிருந்து வந்தது. பக்கத்து விசைத்தறியின் டக்கடக் சத்தத்தில் பிறந்து வளர்ந்த நாய் இது. தறி நின்றால்தான் தலையைத் தூக்கிப் பார்க்கும். ஆனால் விமானப் படைத் தளத்திலிருந்து ஜெட் கிளம்பினால் நிலைகொள்ளாது. தேஜஸ் போர் விமான அணி 2018இல் சூலூருக்கு வந்தது. 2024 ஆகஸ்டில் தரங் சக்தி பயிற்சிக்கு ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் விமானங்களும் வந்து இறங்கின. 6ஆம் தேதி முதல் 14ஆம் தேதி வரை வானம் கிழிந்துகொண்டே இருந்தது. ஊரே மொட்டைமாடியில் நின்று கைதட்ட, மணி சாக்கு, ஈரல் எல்லாம் மறந்து மெத்தைமேல் பாய்ந்து தலையணைக்குள் மூக்கைச் செருகியது.

பயந்த நாயை அணைத்தால் பயம் வளரும் என்பார்கள். வளராது, பயம் என்பது ஈரலுக்காகக் காட்டும் வித்தை இல்லை. அதற்காகக் கட்டிலைத் திறந்துவிட்டால் பழைய கதைதான். சாக்கைப் பாதி கட்டிலுக்கு அடியில் தள்ளி, பக்கவாட்டில் பெட்ஷீட்டைத் தரைவரை தொங்கவிட்டேன். இருட்டாக, மூன்று பக்கமும் அடைப்பாக ஒரு குகை. அடுத்த ஜெட்டுக்கே தவழ்ந்து உள்ளே போய்விட்டது. உள்ளே போன பிறகு கையை விட்டு இழுக்கக் கூடாது என்பது மட்டும் வீட்டு விதி. தீபாவளிக்கும் அங்கேயேதான்.

மகனுக்குத்தான் சமாதானம் இல்லை. சனிக்கிழமை ராத்திரி பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு தரைக்கு வந்துவிட்டான். நாய் கட்டிலில் ஏறக் கூடாது என்றுதானே பேச்சு, நான் இறங்கக் கூடாது என்று யாராவது சொன்னீர்களா என்கிறான். என்னிடம் பதில் இல்லை. அவன் அம்மாவிடம் இருந்தது: "உண்ணிக்குக் கட்டிலும் பாயும் ஒண்ணுதான் சாமி. காலைல உன்ற போர்வைய நீயே தொவச்சுப் போட்டுட்டுப் போ."