தரைவழிச் செல்லும் பாய்ப்படகு

கொழும்பிலுள்ள எமது பாய்ப்படகைத் திருகோணமலைக்குத் தரைவழியாகக் கொண்டுசெல்ல எண்ணியுள்ளோம். காரணம் பருவக்காற்றே. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் காற்று மேற்குக் கடலைக் கொந்தளிக்கச் செய்யும். கிழக்குக் கடலோ அக்காலத்தில் அமைதியாக விளங்கும். ஆகவே படகை இழுவண்டியில் ஏற்றி, மோட்டார் வண்டியின் பின்னே பூட்டி, சுமார் 260 கிலோமீற்றர் இழுத்துச் செல்ல வேண்டும்.

எம்மை அதிகம் சிந்திக்க வைத்தது பாரமே. இழுவண்டியின் மொத்தப் பாரத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு முன்கொளுக்கியின்மேல் அழுத்துதல் வேண்டும். பின்புறம் கனத்தால், வேகம் கூடும்போது இழுவண்டி பாம்புபோல் நெளிந்து மோட்டாரையும் புரட்டிவிடக் கூடும். இதனாலேயே நங்கூரத்தையும் தண்ணீர்ப் பீப்பாவையும் முன்னே நகர்த்தினோம். குழந்தைகள் படகில் அமர்ந்து வரலாமே என்றார்கள், இணங்கவில்லை.

சிறிய சில்லுகள் விரைந்து சுழல்வன. ஆதலின் பெயாரிங்குகளுக்குப் புதிதாகக் கிறீஸ் இட்டுள்ளோம். குருநாகலிலும் தம்புள்ளையிலும் நிறுத்திச் சில்லின் குடத்தைத் தொட்டுப் பார்ப்போம். கை பொறுக்காத சூடெனின் பயணம் அங்கேயே நிற்கும். படகினும் நீண்ட பாய்மரத்தைப் படுக்கவைத்துக் கட்டி, பின்நுனியிற் சிவப்புத் துணி தொங்கவிடுவோம்.

ஹபறணைப் பகுதியில் யானைகள் வீதியைக் கடப்பதுண்டு. இழுவண்டியுடன் சடுதியாகத் திரும்புதல் எளிதன்று! அப்பகுதியைப் பட்டப்பகலிற் கடக்கவே விடியுமுன் புறப்படுகிறோம்.

துறையை அடைந்ததும் முதலில் மேலே மின்கம்பிகள் உளவோ எனப் பார்த்தல் வேண்டும். நிமிர்த்தும் அலுமினியப் பாய்மரம் கம்பியைத் தீண்டின் உயிர் தப்புதல் அரிது. ஓடிவந்த சூட்டுடன் சில்லுகளை நீரில் இறக்கினால் உப்புநீர் பெயாரிங்கினுட் புகுந்துவிடும். அவை ஆறும்வரை தேநீர் அருந்திக் காத்திருப்போம்.