பிடுங்கிய கட்டை எங்கே போகும்?

தண்டவாளத்துக்கு அடியில் குறுக்காகப் படுத்திருக்கும் கட்டைக்கு நம்மூரில் ஸ்லீப்பர் என்று பெயர். அமெரிக்காவில் அதே கட்டையை 'டை' என்கிறார்கள். இங்கே அது தூங்குகிறது, அங்கே இரண்டு தண்டவாளத்தையும் இழுத்துக் கட்டுகிறது! பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். ஆனால் இன்னொரு வித்தியாசம் இருக்கிறது. இந்தியாவில் மெயின் லைன் முழுக்க கான்கிரீட் ஸ்லீப்பர் பரவிவிட்டது. அமெரிக்காவிலோ இன்றைக்கும் பத்தில் ஒன்பதுக்கு மேல் மரக்கட்டைதான். மரம் என்றால் ஒருநாள் மக்கும். மக்கினால் மாற்ற வேண்டும். சரி, மாற்றியாயிற்று. பிடுங்கிய பழசை எங்கே போடுவது?

கேட்க சின்னக் கேள்வி. ஆனால் அங்குள்ள குட்டி ரயில் கம்பெனிகளுக்கு இது பெரிய தலைவலி.

குட்டி ரயில் கம்பெனியா என்று ஆச்சரியப்பட வேண்டாம். 1980-ல் ஸ்டாகர்ஸ் சட்டம் என்று ஒன்று வந்தது. ரயில் கம்பெனிகள் மீதிருந்த அரசாங்கக் கட்டுப்பாடுகள் நிறைய தளர்ந்தன. பெரிய கம்பெனிகள் லாபம் தராத கிளைப் பாதைகளை விற்றுத் தள்ள, உள்ளூர் ஆட்கள் வாங்கி நடத்த ஆரம்பித்தார்கள். இவற்றுக்கு 'ஷார்ட் லைன்' என்று பெயர். இப்போது சுமார் 600 இருக்கின்றன. சிலவற்றுக்கு ஒன்றிரண்டு இன்ஜின், நாலைந்து ஆட்கள், அவ்வளவுதான். தானியம், மரம், உரம், ஜல்லி என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு போய்ப் பெரிய லைனில் சேர்ப்பார்கள்.

பாதைக்கு விதி உண்டு. 39 அடி நீளத்துக்கு எத்தனை நல்ல கட்டை இருக்க வேண்டும் என்று கணக்கு. ஏன் 39 என்றால், ஒரு காலத்தில் ஒரு தண்டவாளத் துண்டின் நீளம் அது. வழக்கமான இடைவெளியில் போட்டால் 39 அடிக்குள் 24 கட்டை வரும். மணிக்கு 10 மைல் வேகத்தில் மட்டும் சரக்கு ஓட்டும் முதல் வகுப்புப் பாதைக்கு, நேர்கோட்டில் அந்த 24-ல் 5 நன்றாக இருந்தால் போதும்! அந்த ஐந்தும் ஒரே மூலையில் குவிந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். 25 மைல் வேகம் வேண்டுமென்றால் 8. கையில் காசில்லாத கம்பெனி மெதுவாக ஓட்டிக்கொண்டு, கட்டை மாற்றுவதைத் தள்ளிப்போடும். தள்ளிப்போட்டுக்கொண்டே போனால் ஒருநாள் அந்த ஐந்தும் இருக்காது. தண்டவாளம் விரிந்து சக்கரம் கீழே இறங்கிவிடும்.

இதற்காகவே 2004-ல் வரிச் சலுகை ஒன்று கொண்டுவந்தார்கள். பாதைப் பராமரிப்புக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கு வரியில் கழியும், மைலுக்கு 3,500 டாலர் வரை. வருஷா வருஷம் நீட்டிப்பார்களா மாட்டார்களா என்ற இழுபறிக்குப் பிறகு 2020 கடைசியில் நிரந்தரமாக்கினார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் புதுக்கட்டை ஒன்று உள்ளே போனால் பழையது ஒன்று வெளியே வந்தாக வேண்டுமே!

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 25 மைல் நீள லைன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மைலுக்குச் சுமார் 3,250 கட்டை. மொத்தம் 81,000 சொச்சம். ஒரு கட்டை 30 வருஷம் தாங்கினால் வருஷத்துக்கு 2,700 கட்டை மாற்ற வேண்டும். எட்டரை அடி நீளம், சுமார் 90 கிலோ எடை. ஆக வருஷத்துக்கு 240 டன் கழிவு, நாலைந்து பேர் வேலை பார்க்கும் ஒரு கம்பெனியின் தலையில்.

வெறும் மரமாக இருந்தால் யாராவது விறகுக்கு எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். சிக்கல் உள்ளே ஊறியிருப்பதில் இருக்கிறது. நிலக்கரித் தாரிலிருந்து வடிக்கும் கிரியோசோட் எண்ணெய் அது. மரத்தை உருளைத் தொட்டியில் அடைத்து அழுத்தம் கொடுத்து எண்ணெயைச் செலுத்தும் முறைக்கு ஜான் பெத்தெல் 1838-ல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார். பூஞ்சையும் பூச்சியும் கிட்டே வராது. அதனால்தான் ஓக் கட்டை மழையிலும் பனியிலும் இத்தனை வருஷம் கிடக்கிறது. அதே எண்ணெய் பட்ட தோலில் வெயில் பட்டால் வெந்த மாதிரி எரியும். சுட்டெரிக்கும் கோடையில் முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொண்டு வேலை செய்வதற்குக் காரணம் அதுதான். புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச நிறுவனம் கிரியோசோட்டை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற பட்டியலில் வைத்திருக்கிறது.

இப்போது கட்டையின் பயணத்தைப் பார்ப்போம். வேடிக்கை என்னவென்றால், பெரிய கம்பெனி பிடுங்கும் கட்டைகளில் கொஞ்சம் நல்லதைப் பொறுக்கி ஷார்ட் லைன்கள் விலைக்கு வாங்கி தங்கள் பாதையில் போடுவது உண்டு. வேகமாக ஓடும் மெயின் லைனுக்கு ஆகாதது, 10 மைல் வேகத்துக்கு ஆகும். ஆக ஷார்ட் லைனிலிருந்து வெளியே வரும் கட்டை சில சமயம் இரண்டாவது முறை ரிட்டயர் ஆன கட்டை. அதில் பொறுக்க என்ன மிச்சம் இருக்கும்?

முன்பெல்லாம் தண்டவாளத்து ஓரத்திலேயே கொளுத்திவிடுவார்கள். கரும்புகை ஊரெல்லாம் அடிக்கும். இப்போது பெரும்பாலான மாநிலங்களில் அப்படித் திறந்தவெளியில் எரிப்பது குற்றம். அதனால் ஆணியைப் பிடுங்கி, மெஷின் வைத்துக் கட்டையை உருவி, ஓரச் சரிவில் தள்ளிவிட்டு அடுத்த கட்டைக்குப் போய்விடுகிறார்கள். 'பிறகு அள்ளிக்கொள்ளலாம்' என்பதுதான் திட்டம். அந்தப் 'பிறகு' பல இடங்களில் வருஷக்கணக்கில் வருவதில்லை. கட்டைக்கு மேல் புல் முளைத்துவிடும். பெரிய கம்பெனியானால் தனி ரயில் விட்டு அள்ளும். நாலு பேர் கம்பெனி என்ன செய்யும்?

ஓரளவு முழுசாக இருப்பவை வேலிக் கம்பமாகவோ தோட்டத்து வரப்பாகவோ போகின்றன. புதிதாகக் கிரியோசோட் ஏற்றிய மரத்துக்கு வீட்டு உபயோக அனுமதி எதுவும் கிடையாது என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனமான ஈ.பி.ஏ. சொல்கிறது. ஆனால் பழைய கட்டை தோட்டச் சாமான் கடையிலேயே கிடைக்கிறது! அதை வாங்கிப் பாத்தி கட்டி உள்ளே தக்காளி நடுகிறவர்களும் இருக்கிறார்கள். ரயில் கம்பெனி விற்றதோடு கை கழுவிவிட்டது. கட்டை மட்டும் இடம் மாறியிருக்கிறது, எண்ணெய் அதிலேயே இருக்கிறது.

மிச்சம் பெரும்பகுதி பாய்லருக்குப் போகும். எண்ணெய் ஊறிய மரமாயிற்றே, நன்றாக எரியும். இங்கே ஒரு சொல் விளையாட்டு நடந்தது. 'குப்பை' என்றால் எரிக்கும் ஆலைக்குக் கடுமையான விதி, 'எரிபொருள்' என்றால் சாதாரண பாய்லர் விதி. 2016-ல் ஈ.பி.ஏ. சில நிபந்தனைகளோடு இந்தக் கட்டைகளை எரிபொருள் பட்டியலில் சேர்த்தது.

அதன் மறுபக்கத்தை ஜார்ஜியா மாநிலத்துக்காரர்கள் பார்த்தார்கள். மேடிசன் கவுன்டியில் கோல்பர்ட், ஃபிராங்க்ளின் கவுன்டியில் கார்ன்ஸ்வில் என்று இரண்டு சின்ன ஊர்ப் பக்கம் மரம் எரிக்கும் மின் நிலையங்கள் 2019-ல் ஓட ஆரம்பித்தன. ரயில் கட்டைகளும் உள்ளே போயின. புகை, நாற்றம், இரைச்சல் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கூட்டம் போட்டார்கள், சட்டசபை வரை போனார்கள். 2020-ல் கிரியோசோட் கட்டையை எரித்து வணிக ரீதியில் மின்சாரம் எடுக்கக் கூடாது என்று ஜார்ஜியா சட்டமே போட்டது. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. வேறு ஊர்களில் பிடுங்கிய கட்டைக்கு இவர்கள் ஏன் மூச்சு முட்ட வேண்டும்?

ஆனால் சட்டம் வந்ததால் கட்டை குறையவில்லை. இயற்கை எரிவாயு மலிவானதில் மற்ற இடங்களிலும் இப்படிப்பட்ட மின் நிலையங்கள் பல மூடப்பட்டுவிட்டன. மிச்சமிருப்பது குப்பைக் கிடங்கு. பொதுவாக இது அபாயக் கழிவு வகையில் வராது என்பதால் சாதாரணக் கிடங்கிலேயே போடலாம், மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். எடைக்குக் காசு. லாரி வாடகை தனி.

மரத்தை விட்டு கான்கிரீட்டுக்கு மாறினால் என்ன என்று தோன்றும். மரமும் கான்கிரீட்டும் ஒரே மாதிரி வளைந்து கொடுப்பதில்லை. நடுநடுவே ஒன்றிரண்டு செருகினால் பாரமெல்லாம் அதன் மேல் ஏறும். முழுப் பாதையையும் ஒரேயடியாக மாற்ற வேண்டும், அதற்குக் குட்டிக் கம்பெனியிடம் பணம் ஏது? ஆகவே மக்கிய மரத்துக்குப் பதில் மறுபடி மரமே. வேலை முடிந்த ஷார்ட் லைன் ஓரத்தில் இரண்டு குவியல் கிடக்கும். வேலிக்கு ஆகும் கட்டைகள் ஒன்று, எதற்கும் ஆகாதவை ஒன்று. முதல் குவியல் சீக்கிரம் காலியாகிவிடும். அடுத்த வருஷம் மக்கிய கட்டைகளுக்குப் பெயின்ட் அடித்து அடையாளம் போட ஆட்கள் வரும்போது இரண்டாவது குவியல் அங்கேயேதான் இருக்கும்.