படுவான்கரையில் நான்கு நாள்கள்

விடுமுறை என்றதும் நுவரெலியாவையும் கண்டியையும் நினைப்பது நம்மவர் வழக்கம். குளிர் தேடிப் போவதில் குற்றமொன்றும் இல்லை. ஆயினும் ஆண்டுதோறும் அதே ஏரியைச் சுற்றிவந்து, அதே பூந்தோட்டத்தின் முன் நின்று படமெடுத்துத் திரும்பும் குடும்பங்கள் ஒருமுறையேனும் கிழக்கே முகந்திருப்பலாகாதா? மட்டக்களப்புக்குச் செல்வோருங்கூடப் பாசிக்குடாவில் நீராடி, கல்லடிப் பாலத்தில் காற்று வாங்கிவிட்டு, ஊரைப் பார்த்தாயிற்று என்று மீண்டுவிடுகின்றனர். வாவிக்கு அப்பால் வேறொரு நாடு கிடக்கின்றது. அந்நாட்டிற்கு நான்கு நாட் பயணமொன்றை எவ்வாறு வகுத்துக்கொள்வது என்பதையே இங்குச் சொல்லப் புகுகின்றோம்.

முதலில் நிலத்தின் அமைப்பு. மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. வாவிக்கும் கடலுக்கும் இடையேயுள்ள ஒடுங்கிய மணற்றரையில் காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்லாறு என ஊர்கள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. அது எழுவான்கரை, ஞாயிறு எழும் கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாய் விரிவது படுவான்கரை. ஞாயிறு படும் கரை. பெயரிட்டவர் எவரோ, தேசப்படம் இல்லாமலே திசை காட்டிவிட்டார். எழுவான்கரையில் ஒரு வீட்டின் தாளிப்பு அடுத்த வீட்டில் மணக்கும். படுவான்கரையிலோ அடுத்த வீட்டை அடைய வயல் வரம்பொன்றைக் கடக்க வேண்டியிருக்கும். உள்ளே செல்லச் செல்ல உன்னிச்சை, நவகிரி முதலிய பெருங்குளங்களும் அவற்றிற்கப்பால் காடும் வருகின்றன.

இப்பயணத்திற்குத் தூரத்தைக் கணக்கிடுமுன் காலத்தைக் கணக்கிட வேண்டும். ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவமழை. குளங்கள் வான் பாயும், வாவி கரை மீறும், தெருக்கள் அறுபடும். 2011 ஜனவரி வெள்ளத்தில் படுவான்கரை ஊர்கள் பல வெளித்தொடர்பின்றித் தனித்து நின்றன. 1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளியையோ இங்குள்ள முதியோர் இன்றும் ஆண்டு குறிக்கும் கல்லாகவே வைத்திருக்கின்றனர். பிள்ளை பிறந்ததும் வீடு கட்டியதும் “சூறாவளிக்கு முந்தி” அல்லது “சூறாவளிக்குப் பிந்தி”. மாசியும் பங்குனியும் வேளாண்மை வெட்டுக் காலம். (வேளாண்மை என்றால் இங்கே நெற்பயிர், வேறு பொருள் கொள்ளற்க.) பொன்விரித்த வயல் கண்ணுக்கு விருந்துதான். ஆனால் உறங்க நேரமின்றி உழைப்பவர் வீட்டில் அந்நாள்களில் விருந்தினராய்ச் சென்று இறங்குவது முறையன்று. எஞ்சுவது சித்திரை முதல் ஆவணி வரையிலான கோடை. மேற்கிலிருந்து கச்சான் காற்று அனலாய் வீசும். நண்பகலில் மரநிழலை விட்டு அசைதல் ஆகாது. எனினும் தெருக்கள் காய்ந்திருக்கும், வாவியும் அடங்கியிருக்கும்.

அக்கோடையிலும் பூரணையை ஒட்டிய நாள்களைத் தேர்ந்துகொள்வது நன்று. காரணம், வாவியின் புகழ்பெற்ற பாட்டு. சித்திரை முதல் புரட்டாதி வரை, நிலவெறிக்கும் இரவுகளில், கல்லடிப் பாலத்தருகே நீரினடியிலிருந்து தந்தி மீட்டுவதுபோன்ற ஒலி எழும் என்பர். எமர்சன் தெனன்ற் என்னும் ஆங்கில அதிகாரி 1848இல் இவ்விடம் வந்து, நிலவில் படகேறிச் சென்று அதனைக் கேட்டு எழுதிவைத்தார். மீனவர்கள் அவரிடம் அதை மீனின் பாட்டென்று கூறவில்லை. ஊரியின் அழுகை என்றே கூறினர். ஊரி என்பது சேற்றில் வாழும் சிறு சிப்பியினம். பாடுவது மீனோ ஊரியோ என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. லாங் அடிகளார் என்னும் கத்தோலிக்கத் துறவி ஒலிப்பதிவு செய்ய, இலங்கை வானொலி 1960களில் அதனை ஒலிபரப்பியது. கேட்க விரும்புவோர் பாலத்தின்மீது நின்று காதைத் தீட்டுவதிற் பயனில்லை. 1924இல் கட்டப்பெற்ற பழைய பாலத்துக்கு அருகே 2013இல் புதியது திறக்கப்பட்டபின் வாகன இரைச்சல் குறையவில்லை. தோணியொன்றில் நடுவாவிக்குச் சென்று, துடுப்பின் ஒரு நுனியை நீருள் அமிழ்த்தி, மறுநுனியைக் காதில் வைத்துக்கொள்ள வேண்டும். வாய் ஓயாத பிள்ளைகளும் அரைமணி நேரம் மௌனம் காப்பர் என்பது பெற்றோர்க்குக் கிடைக்கும் உபரி இலாபம்.

கொழும்பிலிருந்து மட்டக்களப்பு தெருவழியே 300 கிலோமீற்றருக்குச் சற்று மேல். 1928 முதல் புகையிரதப் பாதையும் உண்டு. புகையிரதம் ஓடும் நாளையும் நேரத்தையும் புறப்படுமுன் விசாரித்துக்கொள்க. முதல் நாளைப் புளியந்தீவில் கழிக்கலாம். போர்த்துக்கேயர் 1628இல் எழுப்பி, பத்தாண்டுகளில் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்த கோட்டை வாவியைக் காவல் காத்து நிற்கின்றது. கல்லடியில் சுவாமி விபுலாநந்தரின் சமாதி இருக்கின்றது. இவ்விரண்டையும் பார்த்தபின், மாலையில் கடைத்தெருவுக்குச் சென்று வேண்டியன வாங்கிக்கொள்ள வேண்டும். அப்பால் கடைகள் அருகியே காணப்படும்.

இரண்டாம் நாட் காலையிலேயே படுவான்கரைக்குச் சென்றுவிட வேண்டும். முன்னெல்லாம் மண்முனைத் துறையில் “பாதை”க்குக் காத்துக் கிடக்க வேண்டும். பாதை என்பது இங்கே தெருவன்று; ஆளையும் மாட்டையும் வண்டியையும் ஒருங்கே ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. இன்று சில நிமிடங்களில் அப்பால் இறங்கலாம். மகப்பேற்று வலியோடு துறையில் காத்திருந்த பெண்களின் துயர் பாலத்தோடு நீங்கியதென்றால், அதற்குமுன் நம் போன்றோர் படகழகை இழந்த வருத்தம் எம்மாத்திரம்?

பாலத்தைக் கடந்து மகிழடித்தீவு வழியாகச் சென்றால் கொக்கட்டிச்சோலை. இங்குள்ள தான்தோன்றீஸ்வரர் கோயிலின் கல்நந்தி, போர்த்துக்கேயத் தளபதி ஒருவன் “இது புல் தின்னுமோ?” என எள்ளியபோது எழுந்து புல்லுண்டது என்பது செவிவழிக் கதை. தேரோட்டம் ஆகஸ்ட், செப்டெம்பர்க் காலத்தில் வரும். அந்நாள்களில் அக்கம்பக்கத்து ஊரெல்லாம் இங்கேதான். இப்பகுதி 1987இலும் 1991இலும் பொதுமக்கள் பெருந்தொகையினராய்க் கொல்லப்பட்ட மண் என்பதையும் வளர்ந்த பிள்ளைகள் அறிந்து செல்லவேண்டும். ஊரார் தாமாகப் பேசினாற் கேட்கலாம், நாமாகக் கிளறலாகாது.

இனி, பிள்ளைகள் முதலிற் கேட்கும் கேள்வி: “யானை பார்க்கலாமா?”

படுவான்கரையில் யானை காட்சிப்பொருளன்று. மாலை மங்கியதும் காட்டோரத்துத் தெருக்கள் அதன் உடைமையாகிவிடும். வேளாண்மை விளைந்தால் வயலுக்கு வரும். வெட்டி முடிந்தால், நெல்மூட்டை அடுக்கிய வீட்டைத் தேடிச் சுவரை இடித்துக்கொண்டும் வரும். மின்வேலி சில இடங்களில் உண்டு. வேலி முடியும் இடம் எதுவென்பதை யானையும் அறியும். ஏனைய இடங்களிற் காவற்பரணும் தீப்பந்தமும் யானை வெடியுமே துணை. ஆண்டுதோறும் மனிதரும் மாள்கின்றனர், யானைகளும் மாள்கின்றன. வெல்லாவெளிப் பக்கத்தில் நாம் தண்ணீர் வாங்கிக் குடித்த வீட்டின் முதியவரிடம் நம் சிறுவன் தன் ஆசையைச் சொல்லிவிட்டான். அவர் சிரித்தார். “பாக்கக் கிடைக்கணுமெண்டு நீங்க கும்பிடுறீங்க மனே, வராம இருக்கணுமெண்டு நாங்க கும்பிடுறம்” என்றார். அவ்வீட்டின் பின்சுவரில் ஒரு பாதி பழையது. மறுபாதி புதிய கல்.

மாலைவேளையில் முச்சக்கரவண்டி பிடித்து, குளக்கட்டுகளில் யானைக்காகக் காத்து நிற்கும் பயணிகள் சிலர் உளர். கூச்சலும் விளக்கொளியும் கண்டு மிரண்ட யானை எப்பக்கம் ஓடும்? ஊர்ப்பக்கம் ஓடினால் அதன் விலையைக் கொடுப்பவர் பயணி அல்லர். ஆகவே எமது தீர்ப்பு இதுவே: யானை பார்த்தேயாக வேண்டும் என்போர் ஒரு நாளைக் கூட்டிக்கொண்டு, அம்பாறை வழியாக இங்கினியாகலைக்குச் செல்வாராக. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் பட்டிப்பளை ஆற்றை மறித்து உண்டாக்கிய சேனாநாயக்க சமுத்திரமும், 1954இல் அமைந்த கல்லோயாத் தேசியப் பூங்காவும் அங்குள்ளன. அனுமதிச்சீட்டும் வழிகாட்டியும் பெற்றுப் படகிற் செல்லலாம். ஒரு தீவிலிருந்து மறுதீவுக்கு யானை நீந்திச் செல்லும் காட்சி வாய்த்தாலும் வாய்க்கும். அங்கே அது எவர் வயலையும் மிதிக்கவில்லை என்ற நிம்மதியோடு பார்க்கலாம்.

கால்வலு மிக்க மாணவர் குடும்பத்திலிருந்தால் மூன்றாம் நாளைக் குடும்பிமலைக்கு ஒதுக்கலாம். கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் வழியாக மேற்கே செல்லவேண்டும். 534 மீற்றர் உயரம். சமவெளியில் தனித்து, முடிந்த குடுமிபோல் நிற்பது. வெள்ளையர் இதற்குப் பிரபுவின் தொப்பி என்று பொருள்பட ஒரு பெயரிட்டனர். குடுமியின் பொருத்தம் தொப்பிக்கு இல்லை. 2007 ஜூலை வரை போர்முனையாயிருந்த இடம் இது. மட்டக்களப்பு மாவட்டத்தில் கண்ணிவெடிகள் அகற்றி முடிந்துவிட்டதாக 2017இல் அறிவிக்கப்பட்டது. ஆயினும் ஊரவர் ஒருவரை உடனழைத்துச் செல்லாமல் காட்டினுள் ஓரடியும் வைக்கலாகாது. வழி தவறுவதற்கு வெடி வேண்டியதில்லை. விடியுமுன்னர் புறப்படலாமே என்று துடிக்கும் இளைஞரை அடக்குவது பெரியோர் கடன். நன்கு விடிந்தபின் புறப்பட்டு, பிற்பகல் நான்கு மணிக்குள் கிரானுக்குத் திரும்பிவிட வேண்டும். மழைக்காலமாயின் வெள்ளம் தெருவை மூடிவிடுவதால் இத்திட்டத்தையே கைவிடுக.

தங்குமிடம்: நகரில் விடுதிகள் பல. படுவான்கரையில் தெரிந்தவர் வீடே விடுதி. “மட்டக்களப்பார் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள்” என்று யாழ்ப்பாணத்துப் பெரியம்மாமார் பயமுறுத்துவதுண்டு. மந்திரம் எதையும் நாம் காணவில்லை. இறால் கறியும் பிட்டும், அதன்மேல் கட்டித் தயிரும் தேனும் இட்டபின் எவரும் பாயைவிட்டு எழுவது அரிதுதான். மலேரியாவை அஞ்சிய காலம் போயிற்று. 2016இல் இலங்கை அந்நோய் ஒழிந்த நாடெனச் சான்று பெற்றது. நுளம்பு ஒழியவில்லை, வலையை மறவற்க. வாவியில் முதலை உண்டு. ஊரார் இறங்கும் துறையன்றி வேறெங்கும் பிள்ளைகளை நீரில் இறங்கவிடலாகாது. ஊரார் தயங்கும் துறையில் நாமும் தயங்க வேண்டும்.

நான்காம் நாள் கொக்கட்டிச்சோலையிலிருந்து தெற்கே மண்டூர் செல்லலாம். சின்னக்கதிர்காமம் எனப் போற்றப்பெறும் முருகன் கோயில் அங்குள்ளது. குருக்கள்மடத்திற்கும் அம்பிளாந்துறைக்கும் இடையிலும், குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும் நெடுங்காலமாகப் பாதை வழிப் போக்குவரத்து நடந்துவந்துள்ளது. அப்போதைய நிலையை ஊரில் விசாரித்து, ஓடுமாயின் திரும்பும்பொழுதாவது ஒருமுறை அதிற் கடத்தல் வேண்டும். கண்டல் மரங்களின் ஓரமாகக் கொக்கும் கூழைக்கடாவும் நிற்க, வீச்சுவலைக்காரர் இடுப்பளவு நீரில் நிற்க, மாடும் மோட்டார் சைக்கிளும் பாடசாலைப் பிள்ளையும் ஒரே பலகையில் நிற்பதைப் பாலத்தின்மேற் காண இயலாது. கடைசிப் பாதை எத்தனை மணிக்கு என்பதை மட்டும் இறங்குமுன் கேட்டுவைத்துக்கொள்க. தயிர்ச் சட்டி வாங்கிவருவோர் அதன் வாயை இலையால் மூடி, துணியால் இறுகக் கட்டி, மடியில் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு; பாதை கரையில் முட்டும்போது ஒரு குலுக்கு உண்டு.