குருநகரில் பிள்ளையை ஆர் பார்ப்பது?

யாழ்ப்பாணக் கோட்டையிலிருந்து கடலோரமாகக் கிழக்கே போனால் குருநகர். பழைய பெயர் கரையூர். புனித யாகப்பர் ஆலயம், ஐந்துமாடிக் குடியிருப்பு, இறங்குதுறை, கடலை நிரவி எடுத்த நிலத்தில் நெருங்கி நிற்கும் வீடுகள். அந்தப் பகுதியை இன்றும் எல்லாரும் றெக்கிளமேசன் என்றுதான் சொல்கிறார்கள். 1986 ஜூன் 10 அன்று மண்டைதீவுக் கடலில் தொழிலுக்குப் போன முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். 1993இல் ஆலயத்தின் மேல் குண்டு விழுந்தது. இவ்வளவுக்குப் பிறகும் ஊர் கடலை விடவில்லை.

கடற்தொழிலை ஆண்களின் தொழில் என்று எழுதுவது வழக்கம். அது அரைவாசிக் கதை. வள்ளம் கரை சேர்ந்த பிறகு வலையிலிருந்து நண்டு கழற்றுவது, மீன் தெரிவது, கருவாடு போடுவது, சந்தையில் விற்பது என்று பெண்களுக்கும் வேலை உண்டு. அந்த வேலை விடியுமுன்னே தொடங்கிவிடும். முன்பள்ளி எட்டு மணியளவில் திறந்து மத்தியானத்துக்கு முன்னே மூடிவிடும். இடைப்பட்ட நேரமெல்லாம் அம்மம்மாவின் பொறுப்பு. அம்மம்மாவும் கரைக்குப் போகிறவராக இருந்தால் மூத்த பிள்ளை பள்ளிக்கூடத்தைத் தவறவிடும்.

1945இல் வந்த இலவசக் கல்வி இன்று முதலாம் வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முந்திய வயதைச் சனசமூக நிலையம், மாதர் சங்கம், கோயில், தேவாலயம் என்று ஊரே பார்த்துக்கொள்கிறது. மாகாண நிர்வாகம் முன்பள்ளியைப் பதிந்து ஆசிரியைக்குச் சிறு கொடுப்பனவு தருகிறது. மிச்சம் பெற்றோர் கட்டும் காசு. அதனால் ஊரின் வசதிதான் முன்பள்ளியின் வசதி. நல்லூர், திருநெல்வேலிப் பக்கம் சம்பளக்காரர் அதிகம். காசு கட்டினால் பின்னேரம்வரை பிள்ளையை வைத்திருக்க இடம் கிடைக்கும். கனடாவிலோ லண்டனிலோ சங்கம் வைத்திருக்கும் ஊருக்குக் கட்டடமும் ஊஞ்சலும் வந்துவிடும், கொடையாளியின் பெயர்ப்பலகை கொஞ்சம் பெரிதாகவே. நாட்கூலிக்கு நண்டு கழற்றுகிறவருக்கு இரண்டும் இல்லை.

மலையகத் தோட்டங்களில் வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்க்கப் பிள்ளைக்காம்பரா உண்டு. துரைமாரின் இரக்கம் என்று நினைக்க வேண்டாம். தாய் கொழுந்து பறிக்கப் போனால்தான் தோட்டம் ஓடும். பாக்குநீரிணைக்கு அப்பால் இந்தியாவில் 1975இல் தொடங்கிய குழந்தைகள் திட்டத்தின் அங்கன்வாடிகள் அரசுச் செலவில் சாப்பாடும் போடுகின்றன. குருநகர்ப் பெண்ணின் உழைப்பும் ஏற்றுமதி நண்டில் சேர்ந்து கப்பலேறுகிறது. ஆனால் அவரைத் தன் தொழிலாளி என்று சொல்ல ஒரு துரையும் இல்லை, ஒரு திணைக்களமும் இல்லை. பிள்ளைக்கு இடம் கிடைக்காததற்கு இதுதான் காரணம் என்பேன்.

முன்பள்ளி ஆசிரியைகள் நிரந்தர நியமனம் கேட்டு வருகிறார்கள். அதைக் கொடுப்பது மாகாணத்தின் வேலை. மாநகரசபை செய்யக்கூடியது ஒன்று உண்டு: இறங்குதுறைக்குக் கிட்ட, விடிய ஐந்து மணிக்குத் திறக்கும் பிள்ளை பராமரிப்பு நிலையம். முதலில் அதைக் குருநகரில் தொடங்குங்கள். நல்லூருக்கு அவசரமில்லை.