பாவம் பார்ப்பதும் பார்த்துக்கொள்வதும்

28 கிலோ அரிசி மூட்டையை ஒரு துண்டில் தொங்கவிட்டபடி வாசல் வரைக்கும் கொண்டுபோக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டைக்கு உயிர் உண்டு. திமிறும். வழியில் அணிலைப் பார்த்தால் அப்படியே நின்றுவிடும். கை நழுவி விழுந்தால் உள்ளே இருக்கிற உலோகத் தகடு ஆட்டம் கண்டுவிடும். இதை ஒரு நாளைக்கு ஐந்து தடவை செய்ய வேண்டும். காலில் ஆபரேஷன் முடிந்த பெரிய நாயை வீட்டில் வைத்துப் பார்ப்பது என்றால் கிட்டத்தட்ட இதுதான்.

மதுரையில் ஒரு வீடு. அப்பா, அம்மா, கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிற மகள், அப்பத்தா. அப்புறம் வெள்ளையன். ராஜபாளையம் ஜாதி, வயது 3. பால் மாதிரி உடம்பு, ரோஸ் கலர் மூக்கு, எலும்பும் நரம்பும் தெரிகிற நீளக் கால்கள். 2005-ல் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ஒன்று ராஜபாளையத்துக்குக் கிடைத்தது. அந்தப் பெருமை எல்லாம் சரிதான். ஆனால் இந்த ஜாதியில் ஒரு சோகமும் உண்டு. சில குட்டிகள் பிறக்கும்போதே காது கேட்காமல் பிறக்கும். உடம்பை வெள்ளையாக்குகிற அதே பரம்பரைக் காரணம், உள்காதுக்குத் தேவையான நிறமிச் செல்களையும் இல்லாமல் செய்துவிடுவதுண்டு. வெள்ளையன் அப்படிப் பிறந்தவன்.

அதனால்தான் அன்றைக்கு லோடு ஆட்டோ அடித்த ஹாரன் தெரு முழுக்கக் கேட்டது, அவனுக்கு மட்டும் கேட்கவில்லை.

கேட்டைத் திறந்து வைத்தது மகள். கையில் போன், பேச்சு சுவாரஸ்யம், வெளியே வந்தவள் கேட்டைச் சாத்தவில்லை. அவ்வளவுதான். வலது பின்னங்கால் தொடை எலும்பு இரண்டாக முறிந்தது. எலும்பில் தகடு வைத்து, திருகு போட்டு, மூன்றாம் நாள் டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். வீட்டில் யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் பரவாயில்லையாக இருந்திருக்கும்.

முதல் ராத்திரி யாரும் தூங்கவில்லை. வெள்ளையன் முனகிக்கொண்டே இருந்தான். பெரிய பிரச்சினை வேறு ஒன்று. வீட்டுக்குள் ஒன்றுக்குப் போகக் கூடாது என்று குட்டியிலேயே பழக்கப்பட்டவன், 14 மணி நேரம் அடக்கிக்கொண்டு படுத்திருந்தான். அப்பாவும் மகளும் பழைய துண்டு ஒன்றை அடிவயிற்றுக்குக் கீழே கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, முன்னங்காலால் அவனே நடக்கிற மாதிரி வாசலுக்குக் கூட்டிப் போனார்கள். ஆண் நாய் ஆயிற்றே, துண்டைச் சரியான இடத்தில் பிடிக்காவிட்டால் நனைவது துண்டுதான். முதல் தடவை துண்டோடு அப்பாவின் லுங்கியும் நனைந்தது. அந்த வீட்டில் அந்த வாரத்தில் முதல் சிரிப்பு அது.

அடுத்த எதிரி, தரை. வழவழவென்று டைல்ஸ். நான்கு கால் இருக்கிறபோதே வழுக்குகிற இடத்தில் மூன்று காலை வைத்து எப்படி நிற்பான்? அம்மா கோணிச் சாக்குகளைப் பிரித்துத் தைத்து, படுக்கையிலிருந்து வாசல் வரைக்கும் ஒரு பாதை போட்டுவிட்டார். கல்யாண வீட்டில் சிவப்புக் கம்பளம் போடுகிற மாதிரி. ஓரம் மடங்கிக் கால் இடறாமல் இருக்க இரண்டு பக்கமும் டேப்.

ராஜபாளையத்துக்கு உடம்பில் கொழுப்பு கிடையாது, முடியும் குட்டை. ஒரே பக்கம் படுத்துக் கிடந்தால் முழங்கையும் இடுப்பும் தேய்ந்து புண்ணாகிவிடும். அதனால் ஒரு பலகை, அதற்கு மேல் மடித்த பழைய மெத்தை, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை தூக்கி மறுபக்கம் படுக்க வைத்தல். முதல் மூன்று நாள் வீக்கத்துக்கு, துணியில் ஐஸ் சுற்றி பத்து நிமிஷம் ஒத்தடம். தையலில் ஈ உட்கார்ந்தால் புழு வைத்துவிடும் என்று மேலே கொசுவலை. வலைக்குள் அவன் மாப்பிள்ளை மாதிரி படுத்திருந்தான்.

தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு. ஏற்கெனவே காது கேட்காது. கூம்பு போட்டதும் பக்கவாட்டில் கண்ணும் தெரியாது. தூங்கும்போது அப்பா பின்னால் வந்து தொட்டார், திடுக்கிட்டு எழுந்து ‘லபக்’ என்று கையைப் பிடித்துவிட்டான். பல் பதியவில்லை, ஆனால் அவர் முகம் வெளுத்துப் போனது. காது கேட்காத நாயைத் தூக்கத்தில் தொட்டு எழுப்பக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரியும். பதற்றத்தில் மறந்துவிட்டது. அன்றிலிருந்து, படுக்கைக்குக் கீழே இருக்கிற பலகையை இரண்டு தட்டு தட்டுவது வழக்கமாயிற்று. அதிர்வு தெரிந்து தானே தலையைத் தூக்குவான். பிறகுதான் தொடுவது.

இந்தச் சமயத்தில் தெருவே டாக்டர் ஆகிவிடும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். பக்கத்து வீட்டுக்காரர் தன் முதுகு வலி மாத்திரையைக் கொண்டுவந்து ‘பாதி போடுங்க, பாவம் வாயில்லா ஜீவன்’ என்றார். நல்லவர்தான். ஆனால் மனிதர்கள் சாப்பிடுகிற டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் மாதிரி மாத்திரைகள் நாய்க்கு வயிற்றில் புண்ணாக்கும், சிறுநீரகத்தையே கெடுக்கும். நாய்க்கென்று டாக்டர் எழுதிக் கொடுத்ததை, சொன்ன அளவில், சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தாலோ மலம் கறுப்பாகப் போனாலோ நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். அம்மா அந்த மாத்திரையை ‘சரிண்ணே’ என்று வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஐந்தாம் நாளிலிருந்து காலை மடக்கி நீட்டிவிடச் சொல்லியிருந்தார் டாக்டர். தொடை எலும்பு முறிந்தால் இது முக்கியம். ‘வலிக்குதே’ என்று அப்படியே விட்டால் தொடைத் தசை இறுகி, ஆறுகிற எலும்போடு ஒட்டிக்கொள்ளும். முட்டி மடங்காமல் கால் விறைத்துப் போகும். அப்புறம் எலும்பு கூடினாலும் கால் கூடாது. ஒரு நாளைக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் பத்து முறை, மெதுவாக, அவன் தாங்குகிற வரைக்கும்.

மகளால் முடியவில்லை. காலைத் தொட்டதும் அவன் திரும்பி ஒரு பார்வை பார்ப்பான். கடிக்கிற பார்வை இல்லை. அதைத் தாங்க முடியாமல் இரண்டு மடக்கோடு நிறுத்திவிடுவாள். அதற்கு ஈடாகக் கோழி ஈரல் கொடுப்பாள். ராத்திரி பால் கொடுப்பாள். கூம்பு பாவம் என்று கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். காலேஜில் இருக்கும்போது வகுப்புக்கு வகுப்பு வீட்டுக்குப் போன் பண்ணுவாள்.

கால் மடக்குகிற வேலையை எடுத்துக்கொண்டது யார் தெரியுமா? அப்பத்தா. நாய் நடையைத் தாண்டி உள்ளே வரக் கூடாது என்று மூன்று வருஷம் சண்டை போட்ட அதே அப்பத்தா. சில வருஷம் முன்னால் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, இதே மாதிரி உள்ளே உலோகம் வைத்துக்கொண்டு படுத்துக் கிடந்தவர். பலகையில் இரண்டு தட்டு, உள்ளங்கையைக் காட்டி ஒரு ‘இரு’, அப்புறம் மடக்கு, நீட்டு. அவன் முனகினால் ஒரு நொடி நிறுத்துவார். பிறகு தொடருவார். பத்து என்றால் பத்து.

ஒன்பதாம் நாள் விரல் நுனி தரையில் பட்டது. பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள். நாலாவது வாரம் நான்கு காலிலும் நடந்தான், லேசான நொண்டலோடு.

உண்மையான கஷ்டம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. வலி இருந்தவரைக்கும் அவனை வலியே கட்டிப்போட்டது. வலி போய்விட்டது, ஆனால் எலும்பு இன்னும் கூடவில்லை. வளர்ந்த நாய்க்குத் தொடை எலும்பு கூட எட்டு வாரம், பன்னிரண்டு வாரம் ஆகும். நாய்க்கு இது தெரியாது. ‘எனக்குச் சரியாயிடுச்சு, ஏன் இன்னும் கட்டி வச்சிருக்கீங்க?’ என்பது மாதிரி பார்க்கும். ஓடுவதற்கென்றே பிறந்த ஜாதியை, சங்கிலியில் பிடித்து ஐந்து நிமிஷம் நடத்திவிட்டுத் திரும்பப் படுக்க வைக்க வேண்டும். போதாததற்கு எடை வேறு 28-லிருந்து 30 ஆகியிருந்தது. ஈரலும் பாலும். கூடின ஒவ்வொரு கிலோவும் அந்தத் தகட்டின் மேல்தான் உட்காரும்.

ஐந்தாம் வாரம் ஒரு சாயங்காலம். வீட்டில் மகள் மட்டும். திண்ணையில் கட்டிப்போட்டிருந்த வெள்ளையன் முன்னங்காலை நீட்டி, தலையைச் சாய்த்து, தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான். கேட் நன்றாகப் பூட்டியிருந்தது, இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டாள். அஞ்சு நிமிஷம்தானே என்று சங்கிலியைக் கழற்றினாள். மதில் மேல் பூனை வந்தது அப்போதுதான்.

ஒரே தாவல். ‘வீல்’ என்று ஒரு சத்தம். காலைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

மறுநாள் எக்ஸ்-ரேயில் தகடு அப்படியே இருந்தது. ஒரு திருகு மட்டும் லேசாக நெகிழ்ந்திருந்தது. இன்னொரு ஆபரேஷன் வேண்டாம், ஆனால் கட்டாய ஓய்வு இன்னும் மூன்று வாரம் கூட என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து அவள் அழுதாள். ‘என்னாலதான் அடிபட்டான், இப்பவும் என்னாலதான்’ என்று. அப்பத்தா வெற்றிலையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

“நீ அவனுக்காகவா அவுத்துவிட்ட? உனக்காகத்தான அவுத்துவிட்ட? அவன் மூஞ்சியப் பாக்க உனக்கு முடியல, அதான். பாவம் பாக்குறது வேற பாப்பா, பாத்துக்கிறது வேற. நான் படுத்துக் கெடந்தப்ப உங்கம்மா என்னைய எந்திரிச்சு நடங்கத்தேன்னு விரட்டுனா. ஊரெல்லாம் அவளத் திட்டுச்சு, நானுந்தான் திட்டுனேன். இன்னைக்கு நடக்குறேன்ல?”

அடுப்படியில் அம்மாவின் கரண்டிச் சத்தம் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

அன்றைக்குப் பிறகு ஈரல் நின்றது. சோறு குறைந்தது, காய்கறி கூடியது. மகள் ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுத ஆரம்பித்தாள். மாத்திரை எப்போது, காலை எத்தனை முறை மடக்கியது, எத்தனை நிமிஷம் நடந்தது, இந்த வார எடை என்ன. நோட்டு எழுதினால் மனசு லேசாகும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ‘நான் மோசமானவள்’ என்று நினைத்துக்கொண்டு உட்காருவதைவிட, ‘மூணு மணிக்கு மடக்க வேண்டும்’ என்று நினைத்துக்கொண்டு உட்காருவது சுலபமாகத்தான் இருந்தது. வெள்ளையன் திரும்பிப் பார்த்தான். பார்க்கட்டும் என்று பத்து வரைக்கும் எண்ணினாள்.

பதினொன்றாம் வாரம் எடுத்த எக்ஸ்-ரேயில் முறிவுக் கோடு மறைந்துவிட்டது. உடனே ஓடவிடவில்லை. பத்து நிமிஷ நடை, பதினைந்து, இருபது என்று மேலும் ஒரு மாதம் கூட்டிக்கொண்டே போனார்கள். வலது தொடை இடதைவிட இன்னும் கொஞ்சம் மெலிவுதான். அது தேறி வர மாதங்கள் ஆகும்.

இப்போது அந்த வீட்டுக் கேட்டில் தானாக மூடிக்கொள்கிற ஸ்பிரிங் இருக்கிறது. ‘வெள்ளையனுக்குக் காது கேட்காது, மெதுவாக வரவும்’ என்று ஒரு அட்டையும் தொங்குகிறது. அப்பத்தாவின் கட்டிலுக்குக் கீழே கோணிச் சாக்கு ஒன்றை எடுக்காமலே விட்டுவிட்டார்கள். ராத்திரி அவன் படுப்பது அங்கேதான். நாய் நடை தாண்டக் கூடாது என்கிற சட்டம் என்ன ஆயிற்று என்று அப்பா ஒரு தடவை கேட்டுப் பார்த்தார். அப்பத்தாவுக்கு அன்றைக்கு ஏனோ காது கேட்கவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு நாய் இருந்தால், இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் ஒன்றே ஒன்று பாருங்கள். கேட் சாத்தியிருக்கிறதா?